பீர்க்கம்பந்தலில் பிடிபட்ட பகையோலைகள்

திருவும் வெற்றியும் நீங்காது நிற்க. ஏழு கோட்டைகளுக்கும் ஒன்றரை ஆறுகளுக்கும் உரிமை பூண்ட செங்கோடை நாட்டு மாமன்னர் வாகையரையரின் திருவாய்மொழியைத் தலைமேற்கொண்டு, அவர்தம் பேரமைச்சன் கொற்றங்கோடன், நெல்லாலும் நீராலும் எமக்குப் பொறாமை ஊட்டும் அக்கரை வேந்தர் ஆம்பலரையரின் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. உலகம் இதுவரை கேளாத வெற்றி ஒன்றை அறிவிக்கிறோம். அவையோர் எழுந்து நின்று கேட்பாராக.

எம் அரசியார் உலாவும் பீர்க்கம்பந்தலில் இலைதோறும் வெண்ணிற வளைகோடுகள் தோன்றின. இருபதாண்டு கல்வெட்டு படித்த ஓலைநாயகர் கூத்தரையர், அவை பகைவரின் மறையெழுத்தே எனத் துணிந்து, மேலைவாயிலைத் தாக்கும் நாள் உட்படப் படித்துக் காட்டினார். அத்தகைய இலைகளைத் தோட்டக்காரி வேம்பி நாள்தோறும் கிள்ளி அடுப்பிலிட்டு வந்தாள் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. எழுத்துள்ள ஓலையை எரித்தவர் நாடு நீங்க வேண்டும் என்பது எம் பழஞ்சட்டம்.

அவையில் நிறுத்தப்பட்டபோது அவள் அஞ்சவில்லை. ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, கோடு முடியும் இடத்தை நகத்தால் கீறி, குருணை அளவுள்ள புழு ஒன்றை எடுத்து ஓலைநாயகரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"எழுதினவரு இவருதான் சாமி. மிச்சத்தை இவருகிட்டயே கேட்டுக்கங்க."

ஈ முட்டையிட்டு வந்த புழு அது என்றும், கிள்ளாவிட்டால் சில நாளில் அதுவும் ஈயாகிவிடும் என்றும் சொன்னாள். ஓலைநாயகரைப் பார்த்து அவை சிரித்துவிட்டது. அதனாலேயே தண்டனையைக் குறைக்க வழியில்லாமல் போயிற்று. ஓலைநாயகரோ, தம் வாசிப்பில் பிழையில்லை, எழுதியவன் உருவில் சிறியவன் என்பது மட்டுமே புதுச்செய்தி என்று தெளிவுபடுத்தினார். விதைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேம்பி அன்றே பரிசலேறினாள்.

இலை கிள்ளுவது அன்றோடு தடைசெய்யப்பட்டது. பந்தலைச் சுற்றி வேற்படை நின்றது. பதினைந்தாம் நாள் வந்தது அந்த வெற்றி. பகைவர் எழுதுவதை நிறுத்தி, சிறகு முளைத்து, ஒருவர் பாக்கியின்றிப் பறந்தோடினர். முரசு முழங்கிற்று, ஓலைநாயகருக்குப் பொற்பட்டம் கட்டினோம். ஓடியவர்கள் புடலையிலும் பாகலிலும் அவரையிலும் பதுங்கியிருப்பதாகத் தெரிகிறது. மறையோலைகள் முன்னிலும் பன்மடங்கு கிடைத்துவருகின்றன. மடைப்பள்ளிக்குத்தான் காய் வரவில்லை. மன்னர் மூன்று வாரமாக வெறும் பருப்பு உண்கிறார்.

ஆகவே, வெற்றிக் களிப்பில் மன்னர் வேம்பியை மன்னித்தருளினார். பழஞ்சட்டமும் சற்றே திருத்தப்பட்டது. அவள் தங்கள் அரசியாரின் தோட்டத்தில் பந்தலிட்டு வருவதாகவும், நாங்கள் அனுப்பிய தூதரிடம் தனக்குக் கைவேலை இருக்கிறது என்று சொன்னதாகவும் அறிகிறோம். ஓலை கண்ட பொழுதே அவளைப் பல்லக்கில் ஏற்றி அனுப்புக. இது ஆணை; எம் ஆணை ஆற்றின் நடுவோடு நின்றுவிடுமாயின், வேண்டுகோள்.

ஆறு ஓடும் வரை நம் நட்பும் ஓடுக என வாழ்த்தி, இரட்டைவேல் இலச்சினை பதித்தோம்.

அவள் வர மறுத்தால், எந்த இலையை எப்போது கிள்ளுவது என்றாவது கேட்டு எழுதுங்கள். இங்கே யாருக்கும் தெரியாது.