முப்பதுக்குப் பதில் இருபது

அன்பு மகள் ஷாஜியாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே காட்டூரில் நானும் உன் அத்தாவும் இருக்கிறோம், நல்லபடியாக என்று முழு மனதோடு எழுத வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் அத்தா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் என்னத்தைச் சொல்வேன். உன் பெரியம்மா மகன் ஹாலித் வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், நிதானமாகப் படி.

முதலில் உன் மனசில் கிடப்பதை எடுத்துப் போட்டுவிடுகிறேன். நீ அனுப்பிய பேரிங்கில் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு அத்தா போனில், "நீ அனுப்புன சாமான் சரியில்லம்மா, எஞ்சின் கெட்டுப்போச்சு" என்று சொன்னதும் நீ மறுபேச்சு இல்லாமல் வைத்துவிட்டாய். லீவு நாளில் அந்த வெயிலில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கித் தேடியவள் நீ, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச வரவில்லை. நடந்தது வேறு, அதை அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பழைய ஜீப் பிக்கப்பை வாங்கி வாசலில் நிறுத்தியதிலிருந்து வீடு வீடாக இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். துவைக்கிற துணியில் கிரீஸ், சாப்பாட்டில் பெட்ரோல் வாசம், துணி காயப்போட்ட இடத்தில் எஞ்சின். அந்த எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் என்ற இரும்பு தேய்ந்து போயிருந்ததால், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற ரஞ்சித் அதைக் கடைந்து கொடுத்தார். எவ்வளவு கடைகிறார்களோ அதற்குத் தக்க தடிமனில் பேரிங் போட வேண்டுமாம். கடைவதற்கு முன்னாலேயே நீ வாங்கியதால் எதற்கும் இருக்கட்டும் என்று இருபது அளவில் ஒரு செட்டும் முப்பது அளவில் ஒரு செட்டும் அனுப்பியிருந்தாய். கடைந்தது முப்பதுக்கு. அட்டைப்பெட்டி இரண்டையும் அத்தா ஏற்கெனவே பிரித்துப் போட்டுவிட்டார், பேரிங்கின் முதுகில் கடுகு மாதிரி எழுத்தில் நம்பர் இருக்கும், அதைப் பார்த்து அவரே எடுத்து மாட்டினார். ரஞ்சித் தானே வந்து மாட்டுவதாகச் சொன்னதற்கும், "இது என் வண்டி, நானே மாட்டுறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டார்ட் ஆனதும் பக்கத்து வீட்டு ஆட்கள்கூட வந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம்தான், அப்புறம் உள்ளேயிருந்து சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஆயில் பிரஷர் முள் கீழே விழுந்துவிட்டது. மறுநாள் ரஞ்சித் வந்தார், ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து வெளியே வரவே முடியவில்லை என்று நொந்துகொண்டே எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றி ஒரு பேரிங்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். "பாய், இது இருபதுல்ல? முப்பதுதானே போடணும்? இது மெலிசு, உள்ள லூசா ஆடும்" என்றார். அத்தா அதை வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், வெயிலில் சாய்த்துப் பார்த்தார், "முப்பதுன்னுதானே போட்டிருக்கு" என்றார். ரஞ்சித் என்னைப் பார்த்தார். நான் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது, இருபது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் புரிந்துவிட்டது ஷாஜியா. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றியது, பேப்பரை என்னை வாசிக்கச் சொன்னது, சாயங்காலமானால் பைக்கை எடுக்காமல் நடந்தே பள்ளிவாசலுக்குப் போனது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அன்று ராத்திரிதான் நீ போன் பண்ணினாய், அவர் உன் சாமானைக் குறை சொன்னார். கோபப்படாதே. அவருக்கு அந்த நேரம் வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கெஞ்சினேன், சண்டை போட்டேன், கடைசியில் சமைக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டேன், அதற்கப்புறம்தான் சட்டையை மாட்டினார். சர்க்கரையால் கண்ணுக்குப் பின்னாலிருக்கிற நரம்பெல்லாம் கெட்டிருக்கிறதாம். வலது கண்ணில் போன பார்வை வராது, இடது கண்ணை ஊசி போட்டுக் காப்பாற்றி வைக்கலாம், வண்டி மட்டும் இனிமேல் ஓட்டக் கூடாது என்று அந்த டாக்டரம்மா தன்மையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "ரியாத்ல இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் பிக்கப்பை ஓட்டினேன் ஷரபு. ஒரு நாள்கூட எனக்குன்னு ஓட்டல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியை விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் அப்படி நடந்தால் ஓய்ந்து உட்காரலாம் என்றும் இருந்தது. ஒரு வாரம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே ரஞ்சித்துக்குப் போன் போடச் சொன்னார். பழைய கிராங்கில் கோடு விழுந்துவிட்டது, அதற்குமேல் கடைய முடியாது. வண்டி வாங்கிய புதிதில் நீ சொன்ன மாதிரி டீசல் எஞ்சினையே வைத்துவிடலாம் என்று ரஞ்சித்தும் சொல்லிப் பார்த்தார், "எஞ்சினை மாத்திட்டா அது வேற வண்டிங்க" என்று அத்தா மறுத்துவிட்டார். டவுனில் ஒரு கடையில் புது கிராங்க் கிடைத்தது, பளபளவென்று இருந்தது, ஆனால் அசல் இல்லையாம், எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் வையம்பட்டியில் ஜோதி என்ற அம்மா வீட்டில் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்த பழைய ஜீப் எஞ்சின் சும்மா கிடப்பதாகத் தெரிந்து மூன்று பேரும் போனோம். என் முழங்கால் வலியோடு அந்த வரப்பில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. ஜோதி, "எடுத்துக்கிட்டுப் போங்க, கொட்டகையில இடமாச்சும் கிடைக்கும்" என்றார். ரஞ்சித் கிராங்கைக் கழற்றி அளவெடுத்து, ஒருமுறைகூடக் கடையாதது என்றார். அத்தா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் விரல் நகத்தை ஓட்டினார். நகம் எங்கேயும் தட்டவில்லை. "இதுவே போதும்" என்றார். பிறகு பேரிங் வாங்கப் போனபோது கடைக்காரர் நீட்டியதை அவர் வாங்கவில்லை, நேராக என் பக்கம் காட்டி, "அவங்ககிட்ட குடுங்க, அவங்கதான் நம்பர் பார்ப்பாங்க" என்றார். அத்தனை பேர் நிற்கிற கடையில் அவர் அதைச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஸ்டார்ட் பண்ணினோம். சத்தம் இல்லை, பிரஷர் முள் நின்ற இடத்திலேயே நின்றது, ரஞ்சித் அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று போய்வரலாம் என்றதும் அத்தா வண்டியைத் தடவிக்கொண்டே நடந்து இடது பக்கக் கதவைத் திறந்தார். சவுதியில் ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் அது, நம் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், ஓட்டுகிற நினைப்பில் பழைய பழக்கத்தில் பக்கம் மாறிப் போகிறாரோ என்று நான் ஓரடி முன்னால் போனேன். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க ஓட்டுங்க ரஞ்சித்" என்றார். பால்பண்ணை வரை போய்த் திரும்பி வந்தார்கள். இறங்கும்போது அவர் முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கை கழுவிவிட்டு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார், ரொம்ப நாளைக்கப்புறம்.

எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது கண்ணு, ஊசிக்குக் கூட்டிப்போவதும் நான், சொட்டு மருந்து விடுவதும் நான், இப்போது எஞ்சின் நம்பர் படிப்பதும் நான். ஆனாலும் நீ அங்கே கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, உனக்கும் முப்பது தாண்டிவிட்டது, சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பார், தள்ளிப் போடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அத்தா போனில் வந்தால் கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவரே சொல்லட்டும், சொல்வார். லீவுக்கு வரும்போது உன் டிரைவிங் லைசென்ஸைக் கையோடு எடுத்து வா என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

துஆவுடன்,
உன் அம்மா
ஷரபுன்னிசா ஹனீஃபா
காட்டூர், திருச்சி