இன்ஃபரன்ஸில் நின்றுபோன பாடம்

என் பிரியத்துக்குரிய சுமதி அம்மணிக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அத்தை மகளாக நீ பவானியில் இருந்தபோது பஸ் ஏறினால் பார்த்துவிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே வீடு. கடிதம் எழுத நமக்கு வேளையே வரவில்லை.

சரவணம்பட்டியில் மழை ஓய்ந்துவிட்டது. பட்டறைக்கு இப்போதெல்லாம் தாமதமாகத்தான் போகிறேன். கீர்த்தனாவுக்குச் சடை பின்னி, டிபன் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுத்தான் லேத்தை ஓட்ட முடிகிறது. சடை கோணலாகவே வருகிறது. அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவள் அப்படி எதுவுமே சொல்லாமல் இருந்த நாட்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தவள், தலை வலிக்கிறது என்றாய். "ஏனுங்க மாமா, செத்த நேரம் அடுப்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்தேனா என்றுகூட இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

கீர்த்தனாவுக்கு நீ அம்மா மட்டுமா? ஏழாம் வகுப்பில் அவளுக்கு இங்கிலீஷ் மிஸ்ஸும் நீதானே. இரண்டு பேரையும் அவள் ஒரே நாளில் இழந்தாள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உன் இடத்துக்கு ரேவதி என்று ஒரு டீச்சர் வந்தார். பரீட்சை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கீர்த்தனாவின் இங்கிலீஷ் பேப்பரை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"பாப்பாவுக்குத் தெரியாம இல்லீங்க சார். கதை எங்க நடக்குது, யாரெல்லாம் வாராங்க, மெயின் ஐடியா என்ன, இதுக்கெல்லாம் முழு மார்க்குங்க. சம்மரி, தீம்னு நான் வந்து நடத்துனது எல்லாத்தையும் காலியா விட்டுப்போட்டா. எழுதத் தெரியும், எழுத மாட்டேங்கறா. திட்டிப்போடாதீங்க. என்னன்னு மட்டும் கேளுங்க."

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஸ்கூல் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இன்ஃபரன்ஸ் வரைக்கும்தானுங்கப்பா நடத்துனாங்க. மீதியைத் திங்கக்கெழமை பாக்கலாம்னு சொல்லிப்போட்டுப் போனாங்க."

"செரி கண்ணு. அதுக்கு?"

"நான் அடுத்ததைப் படிச்சா, அம்மா நடத்துனது பழைய பாடமாயிருமுங்கப்பா."

சுமதி, நான் ஐ.டி.ஐ. படித்தவன். மெஷின் மேல் எழுதியிருக்கிற இங்கிலீஷ்தான் என் இங்கிலீஷ். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுக்கிற மாதிரி நின்றேன். வாய்விட்டு அழுதால் கீழே கேட்குமே என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அம்மா உனக்கு நடத்துனதை எனக்கு நடத்து சாமி" என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். கதை நடக்கிற இடமும் நேரமும் செட்டிங். கதையைச் சொல்கிறவர் நரேட்டர். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சில நாட்களில் இன்ஃபரன்ஸுக்கு வந்தாள்.

"ஒருத்தி நனைஞ்ச கொடையோட ஊட்டுக்குள்ள வாரா. வெளிய மழைன்னு யாருமே சொல்லலை. ஆனா நமக்குத் தெரியுது, பாத்தீங்களா? சொல்லாம விட்டதையும் படிக்கறதுதான் இன்ஃபரன்ஸ்."

அந்த "பாத்தீங்களா" உன்னுடையது. கையை விரிக்கிற விதம்கூட உன்னுடையதுதான். என்னால் உட்கார முடியவில்லை.

"அழுகாதீங்கப்பா. பாடம் நடக்குது" என்றாள். உன்னைப் போலவே கண்டிப்பாகச் சொன்னாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதானுங்க. இதுக்கு மேல அம்மா நடத்தலை."

"எனக்கு அடுத்தது தெரியோணுமே. கேட்டுட்டு வந்து சொல்றயா?"

இரண்டு நாள் கழித்து வேனிலிருந்து இறங்கியதும், பையைக்கூட வைக்காமல் சொன்னாள்: "இப்ப கிளாஸ்ல டிராஃப்ட் நடக்குதுங்கப்பா. டிராஃப்ட்னா மொதல் தடவை எழுதறது. தப்பு இருந்தாலும் பரவால்லையாமா. ரிவைஸ்னா அதைத் திருப்பிப் படிச்சு மாத்தறது. ரேவதி மிஸ் சொன்னாங்க."

அவள் அந்தப் பெயரைச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வலிக்கவும் செய்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?

நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னாராம் ரேவதி டீச்சர். கீர்த்தனா உன்னைப் பற்றி எழுதினாள். டிராஃப்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். டீச்சர் எல்லோருடையதிலும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். இவளுடையதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. 'வினைச்சொற்களை நீயே ஒருமுறை பார்' என்று கீழே பென்சிலில் எழுதியிருந்தார்.

நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வைத்து ரிவைஸ் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மை மதர் இஸ் அன் இங்கிலீஷ் டீச்சர் என்று முதல் வரி. அவள் பேனா வெகுநேரம் அந்த இஸ் மேல் நின்றது. பிறகு அதை அடித்து மேலே வாஸ் என்று எழுதினாள். அடுத்த வரியிலும் அடித்தாள். நீ பாடுவாய், நீ சிரிப்பாய், நீ யூனிஃபார்ம் பெல்ட்டை இறுக்கிப் போடச் சொல்வாய் என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பழைய காலத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தாள். நீ போனதிலிருந்து அழாத பிள்ளை, சுமதி. தாள் நனைந்துவிடாமல் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ஐ ஆம் ஹெர் டாட்டர் என்று எழுதியிருந்தது.

"அப்பா, இதையும் வாஸ்னு மாத்தோணுமுங்களா?"

"வேண்டாங் கண்ணு" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."

நான் சொன்னது இலக்கணப்படி சரியா அம்மணி? உன்னைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க எனக்கு மனசில்லை.

அவள் இனி எழுதுவதை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். புரியாத சொல்லை அவளிடமே கேட்டுக்கொள்வேன். நீ நடத்தாத பாடங்களுக்குள் அவளைத் தனியாகப் போக விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னமும்
உன் மாமா,
கீர்த்தனாவின் அப்பா