றோசம்மாவின் காலுக்குக் கடல்பூ

செல்வபுரம்,
முல்லைத்தீவு.
14.03.1999

அன்பு மகள் டக்சாயினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நாங்கள் மூச்சோடும் ஓரளவு சாப்பாட்டோடும் இருக்கிறோம், நீயும் அந்த நோர்வேப் பனிக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மன்றாடுகிறோம். உன் கடிதம் நாலு கிழமையில் வந்தது. ஒரு நோக் குளிசையைக்கூட எங்கள் பக்கம் தாண்ட விடாத ஆமிக் காவலரணில் அதை உடைத்து வாசித்துவிட்டுத் திரும்ப ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், நாலு பக்கம் முழுக்க விஷத்தைப் பற்றியே எழுதியிருந்தும் அதில் ஒரு ஆபத்தும் அவர்களுக்குத் தெரியவில்லை போலும். நீ கடற்சாமந்தி என்று எழுதியது வலையில் கல்லோடு வந்து கையைச் சுடும் எங்கள் கடல்பூதான் என்று விளங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நரம்பில் நோவை உள்ளே விடும் கதவுகள் இருக்கின்றன, மிளகாய் எரிப்பதும் அப்படி ஒரு கதவு திறப்பதால்தான், கடல்பூ விஷத்தில் உள்ள சிறு புரதத் துண்டுகளில் கதவைத் திறப்பவை உண்டு, அடைப்பவையும் இருக்குமா என்று ஆய்வுகூடத்தில் தேடுகிறோம் என்று எழுதியிருந்தாய். ஞாயிறு பூசை முடிய கோயில் வாசலில் நின்று அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், என் மகள் நோவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று பெருமையில் நானாக ஒரு வரி கூட்டியும் விட்டேன்.

அடுத்த நாளே பக்கத்து வீட்டு அல்பேர்ட் வாளியில் ஒரு கடல்பூவோடு வந்து, அண்ணை, பிள்ளை சொன்ன மருந்து இந்தா, றோசம்மாக்காவின்ர கால் நோவுக்கு வையுங்கோ என்றான். முப்பது வருஷம் அது பட்ட கையைச் சுடுமணலில் தேய்த்தவன் நான், ஆனாலும் நீ படித்துச் சொன்னது பிழையாகுமா என்று சிலுவை போட்டு அம்மாவின் தொடையில் வைத்தேன். அவர் போட்ட சத்தத்துக்கு அயலில் நாலு குடும்பம் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டது. வரிவரியாகக் கொப்புளம். திறக்கிற துண்டு எது அடைக்கிற துண்டு எது என்று அந்தப் பூவிடம் யார் கேட்பது?

சிரிக்காதே பிள்ளை, இனித்தான் விஷயம் இருக்கிறது. அம்மாவின் நோ காலில் இல்லை, முள்ளந்தண்டில் ஏதோ வளர்கிறது போலிருக்கிறது, சுணங்காமல் கொழும்பில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் மாசியிலேயே சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து கொழும்புக்குப் போகப் பாஸும் எடுத்துவிட்டேன், ஆனி முடியும்வரை செல்லும். அம்மாவோ கொப்புளம் காய்ந்த அன்றே நோ போய்விட்டது என்று சொல்லிவிட்டார். என்ர பிள்ளையின்ர மருந்தெல்லோ, எனக்கேன் கொழும்பு, என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். ஆனால் கதிரையால் எழும்பும்போது சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு எழும்புகிறார், நான் காணவில்லை என்று நினைக்கிறார். அந்த வரி நான் கூட்டியது என்று சொன்னேன், பெத்த பிள்ளையில நம்பிக்கையில்லாத மனிசன் என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகள்.

அதனால் நீயே எழுது. அது இன்னும் மருந்தே இல்லை, இன்னும் பத்து வருஷமும் பிடிக்கலாம், அம்மா உடனே கொழும்புக்குப் போங்கோ என்று எழுது. அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டது, பெரிய எழுத்தில் எழுது, அவர் தானே வாசிக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, காலுறை போடாமல் வெளியே போகாதே, ஆண்டவர் உன்னையும் உன் படிப்பையும் ஆசீர்வதிப்பார். உன் வேலையை நீயே குறைத்து எழுதுவது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். உன்னைப் பெற்ற அம்மா உன்னைக் கொஞ்சம் குறைவாக நம்பினால்தான் பிழைப்பார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ம. ஸ்ரனிஸ்லஸ்