பின் அலமாரியில் ஆப்ரிகாட்

அன்புள்ள ராஸ்,

சமையல் வேலைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நல்லார்பர் சமவெளியில், எதிரே வந்த லாரியின் காற்று அடித்ததும், காருக்குப் பின்னால் இழுத்துவந்த காரவன் வீட்டுவண்டி வாலாட்ட ஆரம்பித்தது. கண்ணாடியில் அதைப் பார்த்ததும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அப்பாவின் காலும் அன்று இப்படித்தான் போயிருக்கும். பின்னால் வந்த லாரிக்காரர், வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, கார் பிரேக்கத் தொட்டுறாத. ஸ்டியரிங்க நேரா புடி. கையால காரவன் பிரேக்க மட்டும் போடு.”

போட்டேன். ஆட்டம் அடங்கியது.

அடுத்த பெட்ரோல் பங்கில் அவர் இறங்கி வந்தார். “பின்னாடி என்ன, கல்லா ஏத்திருக்க? வால் கனத்தா ஆடாம என்ன செய்யும்?”

பின் அலமாரியைத் திறந்தேன். அம்மா பாகில் ஊறப்போட்ட ஆப்ரிகாட் பழ பாட்டில்கள், துண்டு சுற்றி, அடுக்கடுக்காக. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். அப்பா கடைசியாகக் கிளம்பியபோதும் அவள்தான் அந்த அலமாரியை அடுக்கினாள். அவர் காரவன் கவிழ்ந்த இடத்தில் கண்ணாடியும் பழமுமாகச் சிதறிக் கிடந்ததை நீயும் பார்த்தாய். காற்றுதான் காரணம் என்று போலீஸ் எழுதியது.

காற்றாகவே இருக்கட்டும்.

பாட்டில்களைச் சக்கரத்துக்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டேன். நின்றுகொண்டிருக்கும் காரவனிலும் படுத்தால் ஆடுவதுபோல இருக்கிறது. என் தலையணையை அனுப்பு. உன்னுடையதை அனுப்பினாலும் சரி.

சமையலறையில் கூப்பிடுகிறார்கள். அம்மா கேட்டால், ஆப்ரிகாட் ருசியாக இருந்தது என்று சொல். இன்னும் ஒன்றைக்கூட என்னால் திறக்க முடியவில்லை.

உன்,
லினெட்