கலகலத்த கன்வெர்ட்டர்

செவ்வாய்க்கிழமை.

கெலமங்கலம் ஸ்டெல்லா டீச்சர் காரில் இன்ஜின் லைட் மறுபடி எரிந்தது. போன வாரம்தான் புகைக்குழாய் சென்சாரை மாற்றிக் கொடுத்தேன். எதிர் ஷெட் மெக்கானிக் முனிராஜ் தானாகவே வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினான். உள்ளே கலகலவென்றது.

"சென்சாரு நல்லாத்தான் இருக்குதுண்ணா. இதுக்குள்ள இருக்கற சல்லடைதான் ஒடஞ்சிருக்குது."

"கிலுகிலுப்பை ரெடி, தொட்டில் எங்கடா?" என்றேன். என் பேச்சுக்கு எப்போதும் சிரிக்கிற டீச்சர் இன்று சிரிக்கவில்லை.

"முனிராஜ், இனிமே வண்டிய நீங்களே பாத்துக்கறீங்களா?" என்று அவனிடம் கேட்டார்.

நானும் அதே இடத்தில்தானே படுத்து சென்சார் மாட்டினேன்? எனக்குத் தட்டத் தோன்றவில்லை. வயிறு எரிகிறது.

அவர்கள் போனதும் என் ஷெட்டில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.