குளியலறையில் ஊறிய நாவல்

அதெல்லாம் சரி அண்ணா, நாற்றம் வந்தால் குளியலறைத் துவாரத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றத்தான் குழாய் வேலைக்காரர்கள் சொன்னார்கள். என் நார்வே நாவலை வைத்து அடைக்கச் சொல்லவில்லை. "தடிமனா இருந்துச்சு லா" என்றாயே, இலக்கியத்துக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்! அதன் மேலேயே குளித்தும்விட்டாய்.

இன்றும் தெருவில் பழைய கழிவுநீர்க் குழாய்க்குள் புது உறை போடுகிறார்கள். அது இறுகும்வரை, அதாவது மாலைவரை, ஃப்ளஷ் பண்ணாதே. தட்டும் கழுவக்கூடாது, அது உனக்குப் பழக்கம்தான். அவசரமென்றால் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போ. ஒரு தே தாரிக் டீ வாங்கிக் குடித்தால்தான் கழிப்பறைச் சாவி தருவார்கள்.

ரசம் அடுப்பின்மேல் இருக்கிறது.

லோஷினி

பி.கு.: கடைசி அத்தியாயம் முழுக்க ஒட்டிக்கொண்டது. கதாநாயகி ஊர் திரும்பினாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. விசிறிக்கடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக, கிழியாமல் பிரித்து வைக்கிறாயா?