ராக்கெட் சமையல்காரிக்கு ஒரு தட்டு

வில்லியனூர்
13-7-1987

அன்பு மகன் கலீலுல்லாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவோட கிருபையால நானும் உங்க அத்தாவும் சுகமா இருக்கோம். நீ பம்பாயில நேரத்துக்குத் தின்னு தூங்குறியான்னு கேக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனா வயிறு எரியுது, அதை முதல்ல சொல்லிடுறேன்.

நீ வரையிறதைப் பாக்கணும்னு இந்த டீவியை எதுக்குத்தான் வாங்கிக் குடுத்தியோ, ஞாயித்துக்கிழமை காலைல தெருவே நம்ம வூட்டுலதான். ராக்கெட் நாடகம் ஓடுனப்போ கம்முனு பாத்துட்டுப் போனானுங்க. இப்ப அதையே உங்க கம்பெனி சிரிப்புப் பொம்மைப் படமா எடுத்து வுட்டதுல இருந்து, படம் பத்து நிமிஷம்னா பேச்சு ஒரு மணி நேரம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் கனகராஜ் அந்த நாடகத்துக்கு ரசிகர் மன்றம் வச்சி ரப்பர் ஸ்டாம்பு வேற செஞ்சிட்டான். நாடகத்துல உலகத்தையே காப்பாத்துன கேப்டனை வாழைப்பழத் தோல்ல வழுக்கி வுழ வச்சிட்டானுங்களேன்னு கண்ணைத் துடைக்கிறான், த்தூ, இவனெல்லாம் ஒரு ஆபீசு உத்தியோகஸ்தன். சைக்கிள் கடை பக்கிரிசாமி சும்மா இருக்கானா, நாடகத்துல செத்துப்போன டாக்டரு பொம்மையில ஏப்பம் வுட்டுக்கினு நிக்கிறாரே, இது இன்னா கணக்குன்னு கேக்குறான். இது அவரு சாவறதுக்கு முன்னாடி நடந்ததுன்னு கனகராஜ். அப்பிடின்னா நாடகத்துல கறுப்பா இருந்த தாடி இதுல எப்பிடி நரைச்சிதுன்னு பக்கிரிசாமி. இல்லாத டாக்டருக்காக ரெண்டு பேரும் சட்டையைப் புடிச்சிக்கிட்டானுங்க. வேர்க்கடலைத் தோலும் வெத்திலை எச்சிலும் என் பாய் மேல, பாத்தாலே கொமட்டுது, டெட்டால் ஊத்திக் கழுவுனேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். ராக்கெட்டுல சமைக்கிறவளை நான்தான் வரையிறேன், பாரும்மா, உனக்குப் புடிக்கும்னு போன காயிதத்துல எழுதுனியே, நேத்து அவ வந்தா. முக்காட்டை இழுத்து வுட்டுக்கிட்டு, அகப்பையால சட்டி மூடியை மூணு தரம் தட்டி எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுறா. இடது மணிக்கட்டுல சுட்ட தழும்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சி, என் கையை முந்தானைக்குள்ள மறைச்சிக்கிட்டேன். அத்தனை பேரும் தின்னுட்டுப் போனப்புறம் அவ அடுப்பு மூலையில குந்திக்கினு, சட்டியில ஒட்டுனதைச் சுரண்டித் திங்கிறா, தலை சட்டிக்குள்ள மாட்டிக்குது. அதுக்குத்தான் தெருவே உருண்டு பொரண்டு சிரிச்சிது. உங்க அத்தாவும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, எல்லாருக்கும் டீ கொண்டான்னாரு.

சீ, உனக்கு வெக்கமா இல்ல? உங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு நான் சட்டியைச் சுரண்டுனது யாருக்கும் தெரியாதுன்னு இத்தனை வருஷமா நெனைச்சிக்கிட்டிருந்தேன். நீ பாத்திருக்கே. பாத்துட்டு, உனக்கு இருக்காம்மான்னு ஒரு நாளும் கேக்கல, ஊர் சிரிக்கப் படம் போட்டுட்டே. அருவருப்பா இருக்குடா.

கேப்டன் மானம் போச்சாம், இந்தப் பொம்மைப் படத்தையே நிறுத்தணும்னு கனகராஜ் டில்லிக்கு மனு எழுதி நாப்பது கையெழுத்து வாங்கிட்டான். டீவி நம்ம வூட்டுதுங்கிறதால என் கையெழுத்துதான் மேல இருக்கணுமாம். வரையிறது நீன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. பேனாவைத் தொறந்தேன், உன் வேலையை நெனைச்சி மூடிட்டேன். மனு அலமாரியில கெடக்கு.

அவளை எடுத்துடுன்னு நான் சொல்லல. முக்காடு இருக்கட்டும், தழும்பும் இருக்கட்டும். ஒரே ஒரு வாரம் அவளைப் பாய் விரிச்சி உக்கார வச்சி, தட்டு நெறைய சோறும் கறி ஆணமும் அந்தக் கேப்டன் கையால பரிமாற வையி. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அதை என் கண்ணால பாக்குற வரைக்கும் மனு பக்கத்துலயே பேனாவும் இருக்கும்.

ஓட்டல்ல பழைய எண்ணெயில பொரிச்சதைத் திங்காதே. வெள்ளிக்கிழமை தொழுகையை வுட்டுடாதே. அல்லா உனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் தரட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும்.

உன்னைப் பெத்த
ரஹீமா

பி.கு: எலும்பில்லாத கறியாப் பாத்துப் போடு. அவளுக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுது.